பானைக்கு முன்னால் குளிர்சாதனப் பெட்டி

வீட்டிலேயே பீர் தயாரிக்க ஆசைப்படுகிற, டிரில்லும் ஸ்பேனரும் பிடித்துப் பழகிய கைகளைக் கொண்ட எவருடைய மனதிலும் முதலில் எழுவது ஒரு பெரிய எவர்சில்வர் பானைதான். அதன் அடிப்பக்கத்தில் ஒரு வால்வு, பக்கவாட்டில் முகப்பு வைத்த ஒரு வெப்பமானி, உள்ளே பளபளக்கும் செம்புக் குழாய்ச் சுருள், எல்லாவற்றையும் தாங்கி நிற்க வெல்டிங் செய்த ஒரு சட்டகம் என்று அந்தக் கனவு மெல்ல விரிந்துகொண்டே போகும். அந்த ஆசையில் எனக்கும் பங்குண்டு என்பதால் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் சொந்தமாகக் கருவிகளைச் செய்யப் புகுகிறவர் எதை முதலில் செய்வது என்று என்னிடம் கேட்டால், பானையைக் கடைசியில் வைத்துவிட்டு, நொதிக்கும் வாளியின் வெப்பநிலையைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டையே முதலில் செய்யச் சொல்வேன்.

காரணம், பீர் உருவாகும் முறையிலேயே இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறோம். அதிலுள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. இதற்கு மாஷ் என்று பெயர். சக்கையை நீக்கிய பின் கிடைக்கும் இனிப்பான சாறுதான் வோர்ட். அதை ஹாப்ஸ் பூக்களோடு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, விரைவாக ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறோம். நம் வேலை அத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. நாம் தயாரிப்பது வோர்ட் மட்டுமே. அதைப் பீராக்குவது ஈஸ்ட். கொதிநிலை வரையிலான சூடான பக்கத்தில் ஓரிரு டிகிரி பிசகினாலும் குடிக்கத் தகுந்த பீர் கிடைத்துவிடும். ஆறிய பிறகு வருகிற குளிர்ந்த பக்கத்தில் பிசகினால், எவ்வளவு அழகான பானையிலிருந்து வந்த வோர்ட்டாக இருந்தாலும் பயனில்லை.

ஈஸ்ட் சர்க்கரையை உண்ணும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. வீரியமாக நொதிக்கும் 20 லிட்டர் வோர்ட்டின் உட்பகுதி, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி, சில வேளைகளில் 5 டிகிரி வரைகூட, அதிகமாகச் சூடேறிவிடும். பெரும்பாலான ஏல் வகை ஈஸ்ட்டுகளுக்கு உகந்தது 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். லாகர் வகைக்கு 8 முதல் 13 வரை. இந்த எல்லையைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து போவதில்லை. மாறாக, கூடுதல் வேகத்தோடு வேலை செய்கிறது, அதுதான் சிக்கல். அந்த வேகத்தில் பழ வாசனை தரும் எஸ்டர்களும், தொண்டையைச் சுடும் கன ஆல்கஹால்களும் அளவுக்கு மீறி உண்டாகின்றன. இவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே உருவாகிவிடுவதால், ஒரு வாரம் கழித்துக் குளிர்வித்து அவற்றை நீக்க முடியாது. 1870களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிர்பதன இயந்திரத்துக்கு முதலில் பணம் போட்டவர்களில் மியூனிக் நகரின் ஸ்பாட்டன் பீர் ஆலைக்காரர்களும் அடக்கம் என்பதில் வியப்பில்லை. குளிர்காலத்தில் வெட்டியெடுத்துச் சேமித்த பனிக்கட்டியை நம்பி நொதிக்க வைத்தவர்களுக்கு, நிலையான குளிர்ச்சியின் அருமை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வீட்டில் இதற்குத் தேவைப்படுவது ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியும், ஒரு சிறிய வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் மட்டுமே. கட்டுப்பாட்டுக் கருவி ஒரு சென்சாரின் அளவைப் பார்த்து, ரிலே வழியாகப் பெட்டியின் மின்சாரத்தை இணைக்கும் அல்லது துண்டிக்கும். இரண்டு ரிலே உள்ளதை வாங்கினால், ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியையும் மற்றொன்றில் ஒரு சிறு சூடேற்றும் பட்டையையும் இணைத்து, குளிர் மிகுந்த இரவுகளையும் சமாளிக்கலாம். பெட்டியின் உள்ளே இருக்கும் குளிர்பதனக் குழாய்களைத் தொடவோ, சுவரில் கண்ட இடத்தில் துளையிடவோ தேவையில்லை. சென்சார் கம்பி கதவின் ரப்பர் விளிம்பு வழியாகவே உள்ளே போய்விடும். இரண்டு அமைப்புகளை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். கம்ப்ரெசர் நின்றவுடன் மீண்டும் இயங்கினால் பழுதாகும் என்பதால், இடையில் குறைந்தது 3 நிமிடத் தாமதம் வைக்க வேண்டும். இணைப்புக்கும் துண்டிப்புக்கும் நடுவே அரை டிகிரி அல்லது ஒரு டிகிரி இடைவெளி விட வேண்டும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். அதைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கம்ப்ரெசர் ஓடும். வோர்ட்டின் உண்மையான வெப்பநிலையோ கருவிக்குத் தெரியாமலே போகும். வாளியின் வெளிச்சுவரில், திரவ மட்டத்துக்குப் பாதியளவு கீழே சென்சாரை ஒட்டி, அதன்மேல் ஒரு தடித்த நுரைத் துண்டை வைத்து இறுகக் கட்டிவிட்டால், அது காட்டும் அளவு உள்ளே இருக்கும் திரவத்தின் அளவை மிக நெருங்கி வரும். பழைய பெட்டி கிடைக்காதவர்கள் அகன்ற தொட்டியில் நீர் ஊற்றி, அதில் வாளியை நிறுத்தி, நனைந்த துணியைச் சுற்றி, விசிறியைத் திருப்பிவிடலாம். காற்று ஈரமாக உள்ள இடங்களில் இதன் பலன் குறைவு. அங்கே உறைந்த நீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் தொட்டியில் மாற்றி மாற்றி வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். எப்படியிருந்தாலும் தொட்டியில் உள்ள அவ்வளவு நீரும் வெப்பநிலை சட்டென்று மாறாமல் பார்த்துக்கொள்கிறது என்பதே பெரிய ஆதாயம்.

நொதிக்கும் பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உணவுத் தரத்திலான, மூடி இறுக்கமாகப் பொருந்துகிற ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். உட்சுவரில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கீறலுக்குள் ஒளிந்துகொள்ளும் பாக்டீரியாவை எந்தக் கிருமிநாசினியும் எளிதில் எட்டாது. அதன் மூடியில் பொருத்தும் குழாயைத்தான் அலட்சியப்படுத்தக் கூடாது. ஒப்படர்த்தி (நீரை 1 என்று கொண்டு ஒப்பிட்ட அடர்த்தி) 1.050 உள்ள 20 லிட்டர் வோர்ட், நொதித்து முடிவதற்குள் 400 லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. நுரை பொங்கிச் சிறிய காற்றடைப்பானின் வாயை ஹாப்ஸ் துகள்கள் அடைத்துவிட்டால், மூடி பறந்து கூரையில் மோதும். அகலமான ஹோஸ் ஒன்றை மூடியிலிருந்து இறக்கி, கிருமிநாசினி கலந்த நீருள்ள புட்டியில் அதன் நுனியை மூழ்கவிட்டால் இந்த வம்பு இல்லை.

அந்த 400 லிட்டர் வாயுவை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்வது, இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த எளிய ஏற்பாடு. நொதித்த பிறகு பீருக்குப் பெரும் பகை ஆக்சிஜன். அது சேர்ந்தால் ஹாப்ஸ் மணம் மங்கி, ஈரமான அட்டைப்பெட்டியின் சுவை ஏறிவிடும். குளிர்பான நிறுவனங்கள் முன்பு பயன்படுத்திய, இப்போது பழையதாகக் கிடைக்கும் கெக் எனப்படும் 19 லிட்டர் எஃகு உருளையைக் கழுவி, கிருமிநீக்கம் செய்து, நொதிக்கும் வாளியின் வாயுக் குழாயை அதன் திரவ முனையில் இணைத்துவிடுகிறோம். வாயு அடியில் நுழைந்து, மேல்முனை வழியாக வெளியேறி, அங்கிருந்து நீர்ப் புட்டிக்குப் போகும். நொதித்தல் முடியும்போது கெக்கின் கொள்ளளவைப்போல 20 மடங்கு வாயு அதனூடாகப் போயிருக்கும். உள்ளே காற்று என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சியிருக்காது. பிறகு மூடியைத் திறக்காமலே பீரை அதற்குள் மாற்றலாம். சிலிண்டர் வாயுவில் ஒரு துளியும் இதற்குச் செலவாவதில்லை. வெளியேறும் வழி அடைபடவில்லை என்பதை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்ட்டைப் பற்றிப் பேசும்போது காந்தக் கலக்கியைச் சொல்லாமல் விட முடியாது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்த பிறகுதான், ஒரே பீரை மீண்டும் மீண்டும் தயாரிப்பது நம்பகமான காரியமாயிற்று. அத்தகைய தூய வளர்ப்பைச் சிறு குப்பியில் வாங்கி, வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ள வீட்டில் ஒரு கலக்கி தேவைப்படுகிறது. கழித்துப்போட்ட கணினியின் 12 வோல்ட் விசிறி, பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தங்கள், வேகத்தைக் குறைக்க ஒரு மின்னழுத்தச் சீராக்கி, மேலே ஒரு மெல்லிய பலகை ஆகியவையே இதற்குப் போதும். விசிறியின் நடுவே காந்தத்தை ஒட்டி, பலகையின்மேல் கண்ணாடிக் குடுவையை வைத்து, அதற்குள் பூச்சுப் பூசிய காந்தக் குச்சியைப் போட்டால், அது விசிறியோடு சேர்ந்து சுழலும். காந்தத்தை மிகச் சரியாக மையத்தில் ஒட்டுவதே இந்த வேலையின் முழுச் சிரமமும். சற்று விலகினாலும் விசிறி நடுங்கிக் குச்சியை வீசியெறிந்துவிடும். குடுவையில் ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் உலர் மால்ட் சாரம் கலந்து கொதிக்கவைத்து ஆற்றிய கரைசல், ஓரிரு நாட்களில் ஈஸ்ட்டால் கலங்கி வெளுத்துவிடும்.

இனி, கொதித்த வோர்ட்டை ஆறவைக்கும் சுருள். கொதிநிலையிலிருந்து 20 டிகிரிக்கு விரைவாக இறக்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: புரதங்கள் திரண்டு அடியில் படிந்து பீர் தெளிவாகும், ஈஸ்ட்டுக்கு முன் வேறு கிருமிகள் நுழைந்துவிடும் நேரம் குறையும், வேகவைத்த மக்காச்சோளம் போன்ற வாடையைத் தரும் டைமெத்தில் சல்பைடு சூடான வோர்ட்டில் தொடர்ந்து உருவாவது நிற்கும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 முதல் 15 மீட்டர் மென்செம்புக் குழாயைப் பானையைவிடச் சிறிய உருளை ஒன்றைச் சுற்றி வளைத்தால் சுருள் தயார். வளைக்கும்போது குழாய் மடங்காமலிருக்க, உள்ளே நுண்ணிய உப்பை நிரப்பி முனைகளை அடைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நீர் விட்டுக் கரைத்து வெளியேற்றலாம். பலர் குழாயை இன்னும் நீளமாக்கினால் இன்னும் வேகமாகக் குளிரும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில், சுருளைச் சுற்றியுள்ள வோர்ட் அசையாமல் நின்றால் அங்கே ஒரு குளிர்ந்த அடுக்கு உருவாகி வெப்பப் பரிமாற்றம் தளர்ந்துவிடும். சுருளை மெல்ல அசைத்துக்கொண்டேயிருந்தால் நேரம் பாதியாகக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாய் நீரே 30 டிகிரியில் வருகிற இடங்களில், 40 டிகிரி வரை அந்த நீரால் இறக்கிவிட்டு, பிறகு ஒரு வாளிப் பனிநீரைச் சிறிய நீர்மூழ்கிப் பம்பு மூலம் சுருளுக்குள் சுற்றவிடுவதே வழி. தொடக்கத்திலிருந்தே பனியைப் போட்டால் அது சில நிமிடங்களில் கரைந்துபோகும்.

இத்தனைக்கும் பிறகுதான் பானை வருகிறது, அதுவும் எளிமையாகவே வரட்டும் என்பது என் கட்சி. ஆஸ்திரேலிய வீட்டுத் தயாரிப்பாளர்களிடையே பரவிய பை முறை, மூன்று பாத்திரங்களும் இரண்டு பம்புகளும் செய்த வேலையை ஒரே பானைக்குள் அடக்கிவிட்டது. பானை முழுக்க விரியும் அளவுக்கு நுண்வலைத் துணியில் ஒரு பை தைத்து, அதற்குள் மால்ட்டை ஊறவைத்து, நேரம் முடிந்ததும் பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு, அதே பானையில் கொதிக்க வைக்கிறோம். 20 லிட்டர் பீருக்கு 5 கிலோ மால்ட்டும் சுமார் 28 லிட்டர் நீரும் வேண்டும் என்பதால் 40 லிட்டர் பானை வசதியாக இருக்கும். ஊறிய பையின் எடை 10 கிலோவைத் தொடும். கூரைக் கொக்கியில் ஒரு கப்பியும் உறுதியான கயிறும் மாட்டி வைத்தால் முதுகு தப்பிக்கும்.

மாஷ் வெப்பநிலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மால்ட்டின் இரண்டு முக்கிய என்சைம்களில் பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி வரையிலும், ஆல்பா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டியும் சுறுசுறுப்பாக இருக்கும். முன்னது ஈஸ்ட் முழுவதும் உண்ணக்கூடிய மால்டோஸைத் தருகிறது. பின்னது ஈஸ்ட் உண்ண முடியாத நீண்ட சங்கிலிகளையும் விட்டுவைக்கிறது. 64 டிகிரியில் நிறுத்தினால் பீர் வறண்டு மெலிந்திருக்கும். 69இல் நிறுத்தினால் நாவில் கனமாக நிற்கும். 66, 67 என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம். மால்ட்டின் வெப்ப ஏற்பு நீரின் அளவில் ஐந்தில் இரண்டு பங்கே என்பதால், 25 டிகிரியில் உள்ள 5 கிலோ மால்ட்டை 28 லிட்டர் நீரில் போட்டு 67 டிகிரியை அடைய, நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும். பிறகு அடுப்பை அணைத்து, பானையை ஒரு பழைய கம்பளியால் போர்த்திவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிதான் இறங்கும். இதற்காகவே கணினியும் பம்பும் சேர்ந்த சுழற்சி அமைப்பைச் செய்கிறவர்கள் உண்டு. அதில் கிடைக்கும் இன்பம் மின்னணுவியல் இன்பம், அதற்கும் நான் தலைவணங்குகிறேன், ஆனால் அதைச் சுவைக்கான செலவு என்று கணக்கெழுதக் கூடாது.

வால்வு பொருத்த எவர்சில்வரில் துளையிடுவது அச்சமூட்டும் வேலையாகத் தோன்றினாலும், படிப்படியாக அகலும் டிரில் முனையும் பொறுமையும் இருந்தால் எளிது. வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டே துளையிட வேண்டும். வேகமாகச் சுழற்றினால் எஃகு சூடேறி இறுகி, முனை மழுங்கிவிடும். வெல்டிங் இல்லாமல், சிலிகான் வளையம் வைத்து இருபுறமும் நட்டால் இறுக்கும் இணைப்பே போதுமானது. வால்வை மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள். வால்வின் உருண்டைக்குப் பின்னால் தங்கும் வோர்ட், அடுத்த முறைக்குள் அழுகியிருக்கும். கழற்றிக் கழுவ முடியாத எதையும் இந்தத் தொழிலில் நான் கருவி என்று ஒப்புக்கொள்வதில்லை.

மின்சாரத்தால் சூடாக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 28 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 5,300 கிலோஜூல் வேண்டும், 3,000 வாட் எலிமெண்ட் அதை அரை மணி நேரத்தில் தரும். எலிமெண்டின் பரப்பு பெரிதாக, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வெப்பம் குறைவாக இருக்கும் வகையே வோர்ட்டைக் கருகவிடாது. துணிப் பை அதன்மேல் படாமலிருக்க நடுவே துளையிட்ட தட்டு வேண்டும். ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேருகிற வேலை இது; பானையின் உலோக உடல் எர்த்தோடு இணைக்கப்பட வேண்டும், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும், இவற்றைத் தாமே செய்யத் தெரியாதவர் மின்பணியாளரை அழைக்க வேண்டும். எரிவாயு அடுப்பில் கொதிக்க வைப்பவர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை என்பதால், மூடிய அறையைத் தவிர்க்க வேண்டும்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக: துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரம் கூடாது. அலுமினியம் தாராளமாக ஏற்கத்தக்கது. செம்பு சூடான பக்கத்தில் நல்லது, நொதித்த பீரைத் தொடக் கூடாது. குளோரின் கலந்த வெளுப்பான் எவர்சில்வரில் பொடிப்பொடியான அரிப்புக் குழிகளை உண்டாக்கும். பெர்கார்பனேட்டால் கழுவி, பாஸ்பாரிக் அமிலக் கிருமிநாசினியால் நனைத்தால் போதும். குடிநீரில் உள்ள குளோரின் பீரில் மருந்து வாடையாக மாறும் என்பதால், சிறிதளவு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை முன்னதாகவே கலந்துவிட வேண்டும்.

வீட்டில் பீர் தயாரிப்பது எல்லா நாடுகளிலும் அனுமதிக்கப்பட்டதன்று. பிரிட்டன் 1963இல் உரிமம் தேவையில்லை என்றது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் கூட்டாட்சி அளவில் வழிவிட்டது. அங்கேயே சில மாநிலங்கள் 2013 வரை தடையை நீக்கவில்லை. தங்கள் ஊரின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே தொடங்க வேண்டும். காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறான, பெரும்பாலான இடங்களில் குற்றமாகக் கருதப்படும் செயல். இங்கே சொன்ன எதுவும் அதற்கானதன்று.

கெக் இல்லாதவர்கள் புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். எஞ்சிய ஈஸ்ட் அதை நொதித்து வாயுவை உண்டாக்கும். அதற்கு முன் நொதித்தல் உண்மையாகவே முடிந்ததா என்பதை ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் சொல்ல முடியும். ஒப்படர்த்தி 1.050இல் தொடங்கி 1.010இல் வந்து, மூன்று நாட்கள் அசையாமல் நின்றால் முடிந்தது என்று பொருள், வித்தியாசமான 0.040ஐ 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 5.2 விழுக்காடு. குமிழிகள் நின்றுவிட்டன என்பதை மட்டும் நம்பி அடைத்த புட்டிகள் வெடிக்கக்கூடும்.

செய்து முடித்த கருவி பீரை மேம்படுத்தியதா என்பதையும் அளந்து பார்க்கலாம். தன் கையால் செய்த பொருளைப் பற்றி நாக்கு நடுநிலையோடு பேசாது என்பதால், உணவு ஆய்வகங்கள் கையாளும் முக்கோணச் சோதனையை நான் விரும்புகிறேன். ஒரே செய்முறையில், ஒரே நாளில் தயாரித்த வோர்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மற்றொன்றை அறையிலும் நொதிக்க வைக்கலாம். அல்லது ஒரே மால்ட்டைப் பழைய பானையிலும் புதிய பானையிலும் தனித்தனியே கொதிக்க வைத்து ஒப்பிடலாம். சுவைப்பவருக்கு மூன்று குவளைகள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. வேறுபட்டது எது என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், 12 பேரில் 7 பேர் சரியாகச் சொன்னாலும் அதைத் தற்செயல் என்று ஒதுக்கவே இடமிருக்கிறது. 8 பேராவது சொன்னால்தான் வேறுபாடு உண்டென்று ஏற்கலாம். நிறம் காட்டிக்கொடுக்காமலிருக்க உட்புறம் தெரியாத குவளைகள் வேண்டும். குவளைகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். எது பிடித்திருக்கிறது என்ற கேள்வியை, வேறுபட்ட குவளையைச் சரியாகக் கண்டவர்களிடம் மட்டும் கேட்க வேண்டும்.